நாலு திருகாணி

“இது அசல்தானுங்களா, மிஸ்?”

“எது?” என்றார் டெல்மா மிஸ்.

மாரப்பன் நட்சத்திரம் போட்ட சிவப்புக் கொடித் துணியை விலக்கினார். உள்ளே ஒரு பேஸ் கிட்டார். நாலு தடித்த கம்பி. நீண்ட கழுத்து. உடம்பு முழுக்கப் பளபளவென்று சிவப்பு.

டெல்மா மிஸ் பார்த்தார். பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டி, முக்காலியைத் தடவிக் கண்டுபிடித்து, உட்கார்ந்தார்.

“யார் மேன் இதுக்குப் பெயின்ட் அடிச்சது?”

“எங்க தோழர்களுங்க. பஸ்ஸுக்கு பாடி கட்டற பட்டறையில குடுத்து அடிச்சோம்.”

“பஸ் பெயின்டா?”

“ஆமாங்க. மழை வெயிலுக்கு அசையாது.”

“இது மழையில நிக்கப் போகுதா?”

மாரப்பன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். போலீஸ் அதிகாரி கேட்ட கேள்விக்கெல்லாம் எதிர்க்கேள்வி போட்ட வாய் அது.

“பழைய சாமானுக்கு மேல்தோல்தான் சாட்சி,” என்றார் மிஸ். “எங்கே கை பட்டுது, எங்கே வேர்வை ஊறிச்சு, எந்தப் பக்கம் வெயில் விழுந்துது, எல்லாம் அதுல இருக்கும். நீங்க சாட்சியைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. வாயைத் தைச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க.”

“மரியாதைக்குத்தானுங்க அடிச்சோம்.”

“அது தெரியுது, மேன். மரியாதை இல்லாதவன் இவ்வளவு நாசம் பண்ண மாட்டான்.”

போத்தனூர் ரயில்வே காலனியில் இருக்கும் அந்தப் பட்டறையைத் தேடி பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பழைய எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்து வைத்தால், அது எங்கே பிறந்தது, யாரிடம் வளர்ந்தது, யார் யார் அதைக் காட்டி யாரை ஏமாற்றினார்கள் என்று டெல்மா மிஸ் சொல்லிவிடுவார். அவர் சொன்னபின் வேறு பேச்சு கிடையாது. அது அவருக்கும் தெரியும். அடக்கம் என்பது அவர் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

மாரப்பனும் அடக்கத்துக்குப் பேர் போனவர் அல்ல. மிஸ்ஸைவிட வயதில் ரொம்ப மூத்தவர். பஞ்சாலைத் தோழமைச் சங்கத்தின் தலைவர். பள்ளிக்கூடம் அவரை அரிச்சுவடியோடு வெளியே அனுப்பிவிட்டது. மிச்சத்தைத் துண்டறிக்கைகளில் படித்தார். பிறகு மற்றவர்கள் படிக்கத் துண்டறிக்கை எழுதினார். அதற்காகச் சிறைக்கும் போனார்.

இப்போது ஆலை இல்லை. ஆலை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. ஆலைத் தொழிலாளர் சங்கம் மட்டும் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. கொடியில் நட்சத்திரம் இடப்பக்கம் இருந்தால் மாரப்பன் சங்கம். வலப்பக்கம் இருந்தால் நாச்சிமுத்து சங்கம்.

“மேன் வேண்டாமுங்க,” என்றார் மாரப்பன். “தோழர்னு கூப்பிடுங்க.”

“சரி, தோழர் மேன். என்ன வேணும் உங்களுக்கு?”

“மாசி மாசம் தோழர் இன்னாசிக்கு நினைவு மண்டபம் திறக்கறோமுங்க. நீங்க மேடைக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். இன்னாசி வாசிச்ச அசல் கிட்டார் இதுதான்னு.”

“சொல்லலைன்னா?”

“நாச்சிமுத்து ஆளுங்க சொல்லுவானுங்க. அசல் எங்ககிட்ட, மாரப்பன்கிட்ட இருக்கறது நகல்னு. இத்தனை வருஷமா அதைத்தான் சொல்லிட்டுத் திரியறானுங்க.”

“சொல்லிட்டுப் போகட்டுமே. கிட்டார்தானே?”

“கிட்டார் இல்லீங்க, மிஸ்.” மாரப்பனின் குரல் இறங்கியது. “சங்கம் உடைஞ்சப்ப இன்னாசி யார் பக்கம் நின்னான்ங்கறது.”

இன்னாசி அந்த ஆலையில் ஃபிட்டர். எந்த மெஷினையும் பிரித்துச் சேர்க்கிற கை. வேலைநிறுத்தம் வந்தபோது அந்தக் கை பேஸ் கிட்டார் வாசித்தது. ரயில்வே காலனியின் நடனக் குழு கலைந்தபோது அவன் வாங்கி வைத்திருந்த அமெரிக்கக் கிட்டார். ஆலை வாசலில் லாரிமேல் நின்று அவன் ஒரு கம்பியை இழுத்தால், கீழே நிற்கிறவனுக்கு அடிவயிறு அதிரும். பயந்து ஓட நினைத்தவன்கூட நின்றுவிடுவான்.

போலீஸ் தடி முதலில் வாத்தியத்தின் மேல்தான் இறங்கும். அதனால் அச்சாக அதேபோல் இன்னொன்றைச் செய்யச் சொன்னான் இன்னாசி. செய்து கொடுத்தவர் டெல்மா மிஸ்ஸின் அப்பா ரெஜினால்டு. தடியடி நடக்கும் என்று தெரிந்த நாளில் இன்னாசியின் தோளில் நகல். மற்ற நாளில் அசல். கூட்டத்தில் நிற்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கோரிக்கையில் பாதி கிடைத்ததும் வேலைக்குத் திரும்பலாம் என்றார் நாச்சிமுத்து. முழுதும் கிடைக்காமல் திரும்பக் கூடாது என்றார் மாரப்பன். சங்கம் இரண்டாயிற்று. கொஞ்ச நாளில் முதலாளி ஆலையையே மூடினான். இரண்டு சங்கங்களும் தனித்தனியே கண்டனம் தெரிவித்தன.

இரண்டு பக்கமும் இன்னாசியை வா என்றது. அவன் எந்தப் பக்கமும் வரவில்லை. ஆளுக்கு ஒரு கிட்டாரைக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போனான். அதன்பின் வந்தது அவன் இறந்த செய்திதான்.

“எங்கிட்டக் குடுத்தப்பவே கேட்டேனுங்க,” என்றார் மாரப்பன். “இன்னாசி, இது அசல்தானேன்னு. ‘தொட்டுப் பாரு மாரப்பா’ன்னான். தொட்டேன். போதுமுங்களே?”

“தோள்ல மாட்டிப் பார்த்தீங்களா?”

“அவன் தோள்ல கிடந்ததுங்க. அதை என்ற தோள்ல மாட்டலாமுங்களா? அன்னிக்கே கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுட்டோம். வருஷா வருஷம் அவன் நினைவு நாளுக்கு அத்தனை பேரும் வரிசையா நின்னு செவ்வணக்கம்.”

“யாராவது வாசிச்சது?”

“தொட விடுவோமுங்களா!”

மிஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

“பாவம்,” என்றார்.

யாரைச் சொன்னார் என்று மாரப்பனுக்கு விளங்கவில்லை.

“நீங்களே பார்த்துச் சொல்லிருங்க, மிஸ்.”

“நான் சொன்னா நம்புவீங்களா?”

“அசல்னு சொன்னா நம்புவேன்.”

“அப்ப எதுக்கு மேன் போத்தனூர் வரைக்கும் வந்தீங்க? வீட்டுக் கண்ணாடியைக் கேட்டிருக்கலாமே.”

மாரப்பன் விருட்டென்று எழுந்தார். துணியைச் சுற்றினார்.

“நாளைக்குக் காலையில வாங்க,” என்றார் மிஸ், அவர் முகத்தைப் பார்க்காமலே. “கிட்டாரை இங்கேயே வெச்சுட்டுப் போங்க. கதையெல்லாம் வீட்டில வெச்சுட்டு வாங்க. கையை மட்டும் கொண்டு வாங்க.”

போகக் கூடாது என்று பஸ்ஸில் முடிவு செய்தார் மாரப்பன். ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம். மறுநாள் காலை அதே பஸ்ஸில் வந்தார்.

மிஸ் மூன்று கிட்டார்க் கழுத்துகளை மேசைமேல் அடுக்கியிருந்தார். வெறும் கழுத்துகள். உடம்பு இல்லை.

“கண்ணை மூடுங்க. தொடுங்க. எது அதிகம் வாசிச்சது?”

மாரப்பன் கண்ணை மூடினார். தொட்டார்.

“இது,” என்றார். “இதைத் தொட்டா எனக்கு ஆலை வாசல் ஞாபகம் வருது. அன்னிக்கு லாரிமேல இன்னாசி நின்னப்ப...”

“கதை,” என்றார் மிஸ். “திருப்பியும் முதல்ல இருந்து.”

இன்னொரு காலை.

“இதுங்க. இதுல ஒரு போராட்ட உணர்வு தெரியுது.”

“அது ஒரு கல்யாண வீட்டு பேண்ட் ஆளோட கழுத்து, மேன். திருப்பியும்.”

மாரப்பனுக்கு ரத்தம் கொதித்தது. கல்லூரி வாத்தியார்கள் அவர் பேச்சைக் கேட்க வந்து நின்றிருக்கிறார்கள். இங்கே ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு அவரை அதட்டுகிறார்கள்.

“நான் யாருன்னு தெரியுங்களா உங்களுக்கு?”

“தெரியாது. கட்டைக்கும் தெரியாது. தொடுங்க.”

அன்று மாரப்பன் வாயைத் திறக்கவில்லை. கோபத்தில்தான் மூடினார். ஆனால் வாய் மூடியதும் விரல் கேட்க ஆரம்பித்தது. ஆலையில் அறுந்த நூலை ஒட்டுகிற வேலை பார்த்த விரல் அது. நூல் மெலிந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதற்குத் தெரியும். இத்தனை காலம் மைக்கைப் பிடித்தும் ஆளைச் சுட்டியும் மரத்துக் கிடந்தது.

“இது புதுசுங்க,” என்றார் மெதுவாக. “ஓரம் வெட்டுது.”

மிஸ் அதை ஒதுக்கி வைத்தார். அடுத்ததை நகர்த்தினார்.

“இது கை பட்டது. ஆனா மேல் பாதியில மட்டும்.”

அடுத்தது.

“இது நிறைய வாசிச்சது. ஓரமெல்லாம் சோப்பு மாதிரி தேஞ்சிருக்குது.”

“டீ சாப்பிடறீங்களா, தோழர்?” என்றார் மிஸ்.

இந்த நேரத்தில் மாரப்பனின் செல்போன் அடித்தது. சங்கச் செயலாளர் சென்னியப்பன்.

“தோழர், போஸ்டர் அச்சாகி வந்துருச்சுங்க. ‘அசல் எங்களிடம்’னு பெரிய எழுத்துல. ஒட்டலாமுங்களா?”

மாரப்பன் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

“ஒட்டுங்க,” என்றார் மாரப்பன். “ஒரு சுவர் விடாம ஒட்டுங்க.”

மறுநாள் மேசைமேல் அவருடைய கிட்டாரே கிடந்தது.

“கண்ணை மூடுங்க.”

மாரப்பன் மூடினார். விரலைக் கழுத்தின் முன்பக்கம் ஓட்டினார். ஓரம் தேய்ந்திருந்தது. பின்பக்கம் கொண்டுபோனார். வழவழப்பாக இருந்தது. கொஞ்சம் கீழே இறங்கினார்.

விரல் நின்றது.

அங்கே ஒரு பள்ளம். கட்டைவிரல் அழுந்துகிற இடத்தில், ஆனால் நேராக இல்லை. ஒருக்களித்து, அரைக் காசு அளவுக்கு.

இன்னாசியின் இடது கட்டைவிரல் நுனி மெஷினுக்குள் போய்விட்டது. மிஞ்சிய மொட்டை விரலைச் சாய்த்து வைத்துத்தான் அவன் கழுத்தைப் பிடிப்பான். அப்படி ஒரு விரல் அந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லை.

மாரப்பன் தன் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்தார். அது முழு விரல். உட்காரவில்லை.

“மிஸ்,” என்றார். “மிஸ், அசலுங்க! அசலேதானுங்க!”

“எது?” என்றார் மிஸ்.

முதல் நாள் கேட்ட அதே கேள்வி. அதே குரல்.

“இதுதானுங்க! இன்னாசி விரல் இங்க இருக்குது. நீங்களே தொட்டுப் பாருங்க!”

“முதல் நாளே தொட்டேன். கழுத்து அமெரிக்காவில செஞ்சது. இன்னாசி வாசிச்சது. சந்தேகமே இல்லை.”

“அப்ப மேடைக்கு வர்றீங்க!”

“கழுத்தைத் தொட்டீங்க, கழுத்தைப் பத்திச் சொன்னீங்க. மிச்சம்?”

“மிச்சத்துலதான் பெயின்ட் இருக்குதுங்களே. எப்படிப் பார்க்கறது?”

“பெயின்ட் போகாத இடம் ஒண்ணு இருக்கு.”

மிஸ் கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினார். கிட்டாரைக் குப்புறப் போட்டார். கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தில் ஒரு தகடு. தகட்டில் நாலு திருகாணி.

“கழுத்தைப் பிடிங்க.”

“நீங்களே கழற்றுங்க. எனக்கு இதெல்லாம்...”

“பிடிங்க, மேன். கழற்றறதோ பூட்டறதோ, இது ஒரு ஆளால ஆகாது. ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் திருகணும். தனியாவே பண்ணிருவேன்னு போனவன் எல்லாம் மரத்தைப் பிளந்திருக்கான்.”

“நான் எல்லாத்தையும் தனியாவே பண்ணிப் பழகினவனுங்க.”

“தெரியுது. பிடிங்க.”

மாரப்பன் பிடித்தார். மிஸ் திருப்புளியை வைத்துத் திருகினார். ஒவ்வொரு திருகாணியாகக் கழன்று டீ சாசரில் விழுந்தது. கடைசியது விழுந்ததும் கழுத்து மாரப்பனின் கையோடு வந்துவிட்டது. இடுக்கிலிருந்து ஒரு தீப்பெட்டி அட்டைத் துண்டு மேசைமேல் உதிர்ந்தது.

“இது என்னதுங்க?”

“கழுத்து ஆடாம இருக்க வெச்சது. அளவு துளி பொருந்தலை. இடைவெளியை அளந்து, நறுக்கி, வெச்சிருக்கு. ஃபிட்டர் வேலை.”

மிஸ் உடம்பைத் திருப்பிக் காட்டினார். கழுத்து உட்கார்ந்திருந்த குழிக்குள் சிவப்பு போகவில்லை. மரம் மரமாகவே இருந்தது.

ஆனால் ஒரே மரமாக இல்லை. பக்கவாட்டில் ஏடு ஏடாக, புத்தகத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி. அடியில் கறுப்பு மையில் பாதி அறுந்த எழுத்து. ஏதோ எஸ்டேட் பேர். அதன் கீழே எடை.

“மோந்து பாருங்க.”

மாரப்பன் குனிந்தார். மோந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

“டீத்தூளுங்களா?”

“தேயிலைப் பெட்டி. வால்பாறையில இருந்து குட்ஸ் ஷெட்டுக்கு வரும். காலிப் பெட்டிப் பலகையை அடுக்கி ஒட்டி எங்க டாடி செஞ்சது. நான் பக்கத்தில நின்னு பசை காய்ச்சிக் குடுத்திருக்கேன்.”

மாரப்பன் இன்னொரு தரம் மோந்தார். டீத்தூள்தான்.

வருஷா வருஷம் நினைவு நாள். பனியில் அத்தனை பேர் வரிசையாக. உயர்ந்த முஷ்டி. நெஞ்சு விம்ம, கண் கலங்க, தேயிலைப் பெட்டிக்குச் செவ்வணக்கம்.

“ஏமாத்திட்டான்,” என்றார் கடைசியில். “இன்னாசி என்னை ஏமாத்திட்டான். நகலை என்ற தலையில கட்டிட்டு அசலை அவனுக்குக் குடுத்துட்டான். நாச்சிமுத்து பக்கம்தான் நின்னிருக்கான். இத்தனை வருஷமா நான்...”

“கையில என்ன வெச்சிருக்கீங்க?”

மாரப்பன் பார்த்தார். கையில் கழுத்து இருந்தது.

“அசல் கழுத்து,” என்றார் மிஸ். “நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. அதுக்கு ஒரு உடம்பு எங்கேயாவது இருக்கணுமில்ல?”

மிஸ் உள்ளே போனார். ஒரு மூட்டையோடு வந்தார். மூட்டை ஒரு கொடித் துணியில் கட்டியிருந்தது. நட்சத்திரம் வலப்பக்கம்.

மாரப்பன் ஓரடி பின்வாங்கினார்.

மிஸ் பிரித்தார். ஒரு கிட்டார் உடம்பு. தனியாக ஒரு கழுத்து. உடம்பு முழுக்கப் பளபளவென்று சிவப்பு.

“அவனுங்களும் பெயின்ட் அடிச்சானுங்களா!”

“அடிச்சாங்க.”

“எங்கேயாம்?”

“பஸ் பட்டறையிலதான்.”

மிஸ் அந்த உடம்பின் குழியைக் காட்டினார். ஏடு இல்லை. ஒரே மரம். ஓரத்தில் அசல் பூச்சின் பழுப்பும் கறுப்பும் ஒரு கோடு மிஞ்சியிருந்தது. அடியில் யாரோ ஒரு அமெரிக்கத் தொழிலாளி பென்சிலால் போட்ட மாதமும் வருஷமும்.

“உங்க கையில இருக்கிற கழுத்தோட அடியிலயும் இருக்கு பாருங்க. அதே மாசம்.”

மாரப்பன் திருப்பிப் பார்த்தார். இருந்தது.

“வெச்சுப் பாருங்க.”

மாரப்பன் ஓரடி முன்னால் வந்தார். கழுத்தைக் குழிக்கு நேரே கொண்டுபோய் இறக்கினார்.

டக்.

சின்னச் சத்தம். அவ்வளவுதான். ஆடவில்லை. அசையவில்லை. தீப்பெட்டி அட்டைக்கு இடமே இல்லை. பின்னால் நாலு ஓட்டைகளும் நேருக்கு நேர் நின்றன.

இன்னாசி இரண்டையும் பிரித்திருக்கிறான். மாற்றிச் சேர்த்திருக்கிறான். இடுக்குக்கு அட்டை வைத்து, ஆடாமல் பார்த்து, துடைத்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கிறான்.

மாரப்பன் அந்தக் கொடித் துணியைப் பார்த்தபடி கேட்டார்.

“நாச்சிமுத்து எப்ப வந்தான்?”

“ஆடியில.”

“என்ன கேட்டான்?”

“நீங்க கேட்டதுதான். ‘இது அசல்தானுங்களா, மிஸ்?’”

“அவன்கிட்ட இன்னாசி என்ன சொல்லிக் குடுத்தானாம்?”

“‘தோள்ல மாட்டிப் பாரு’ன்னாராம். மாட்டினாராம். நல்ல கனம். போதும்னு வாங்கிட்டாராம்.”

தொட்டுப் பாரு. தோளில் மாட்டிப் பாரு. இரண்டு பேரிடமும் அவன் பொய் சொல்லவில்லை. இரண்டு பேருமே பாதி பார்த்ததும் போதும் என்றுவிட்டார்கள்.

“அப்புறம் ஏன் எடுத்துட்டுப் போகாம இங்கயே விட்டுட்டான்?”

“எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன். மாட்டேன்னுட்டார். ‘மாரப்பன் ஒரு நாள் வருவான். வந்தா அவன்கிட்டயே குடுத்துருங்க’ன்னார்.”

ஆலை வாசலில் மண்டையில் தடி விழுந்தபோதுகூட மாரப்பன் உட்காரவில்லை. இப்போது கையைப் பின்னால் நீட்டி, முக்காலியைத் தடவினார். மிஸ் அதை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

“எங்கிட்டக் குடுக்கச் சொன்னானா? நாச்சிமுத்தா?”

“சும்மா குடுக்கலை. திட்டிட்டுத்தான் குடுத்தார். ‘தலையும் கழுத்தும் அவன்கிட்ட, வயிறு என்கிட்ட. இன்னாசி ஆள் பார்த்துத்தான் பிரிச்சிருக்கான்’னார்.”

மாரப்பனுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா என்று அவருக்கே தெரியவில்லை.

“வேலைநிறுத்தத்துல எல்லாருக்கும் கஞ்சித் தொட்டி போட்டப்ப, முகத்தைக் கழுவிட்டு ரெண்டாந்தடவை வரிசையில நிப்பானுங்க அவன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஏன் இதை எங்கிட்ட நேர்ல வந்து சொல்லலை?”

“அதையும் கேட்டேன். ‘அவன் வாசல்ல போய் நின்னா, கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி கண்டனத் தீர்மானம் போட்டுருவான், மிஸ்’னார்.”

செல்போன் அடித்தது. சென்னியப்பன்.

“தோழர், ஊர் முழுக்க ஒட்டியாச்சுங்க! நாச்சிமுத்து வீட்டுச் சுவத்துலயே ஒட்டிட்டோமுங்க. வாசக்கதவுக்கு நேரா!”

மாரப்பனின் கை போனை இறுக்கியது.

“அவன் என்ன பண்ணினான்?”

“அதுதானுங்க தோழர், ஒண்ணுமே பண்ணலை. வெளிய வந்தாரு. கண்ணாடியைப் போட்டுட்டு எழுத்துக்கூட்டிப் படிச்சாரு. ‘அசல் எங்களிடம்.’ சிரிச்சாரு. உள்ள போயிட்டாரு. சண்டைக்கு ரெடியாப் போன நம்ம ஆளுங்களுக்கு என்ன பண்றதுன்னே தெரியலை. திரும்பி வந்துட்டாங்க. ஹலோ? தோழர்? ஹலோ?”

மாரப்பன் போனை அணைத்தார்.

மிஸ் சாசரை எடுத்து மேசைமேல் அவருக்கு முன்னால் வைத்தார். நாலு திருகாணி. பக்கத்தில் திருப்புளி.

“இப்பக் கேளுங்க, தோழர்.”

“என்னதுங்க?”

“முதல் நாள் கேட்டதை.”

மாரப்பன் சாசரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மிஸ்ஸே சொன்னார்.

“கழுத்து அசல். உடம்பு அசல். பெயின்டை நான் சுரண்டி எடுத்துக்கறேன். அடியில என்ன மிஞ்சியிருக்கோ பார்ப்போம். மாசியில மேடைக்கு வரேன். மைக்கில சொல்றேன். உங்க போஸ்டர்ல போட்டதும் இப்ப உண்மை. நாச்சிமுத்து விட்டுக் குடுத்துட்டார். நீங்க ஜெயிச்சாச்சு.”

ஜெயிச்சாச்சு. சங்கம் உடைந்த நாளிலிருந்து அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மாரப்பன் தெருத்தெருவாக நடந்தார். கொடி மாற்றினார். பெண் கல்யாணத்துக்கு நாச்சிமுத்துக்குப் பத்திரிகை வைக்காமல் இருந்தார். அவர் சாவுக்கு நாம் போகக் கூடாது, என் சாவுக்கு அவர் வரக் கூடாது என்று வீட்டில் சொல்லியும் வைத்திருந்தார்.

“வாங்க,” என்றார் மிஸ். “நான் பிடிச்சுக்கறேன். நீங்க திருகுங்க.”

மாரப்பன் திருப்புளியை எடுத்தார். ஒரு திருகாணியை ஓட்டையில் வைத்தார். திருப்புளியின் முனையை அதன் தலையில் பொருத்தினார்.

பொருத்தியவர் அப்படியே நின்றார்.

பிறகு திருகாணியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். சாசரிலிருந்த மற்ற மூன்றையும் போட்டார். கழுத்தை உடம்பிலிருந்து தூக்கி எடுத்தார். நட்சத்திரம் இடப்பக்கம் இருந்த துணியில் கழுத்தைச் சுற்றினார். நட்சத்திரம் வலப்பக்கம் இருந்த துணியில் உடம்பைக் கட்டினார். அந்த மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டார்.

நல்ல கனம்.

“தோழர்! எங்கே கிளம்பிட்டீங்க? திருகலையா?”

“ஒரு ஆளால ஆகாதுன்னீங்களே, மிஸ்.”

“நான்தான் இருக்கேனே, மேன்! அது என் திருப்புளி, வெச்சுட்டுப் போங்க!”

மாரப்பன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“சாயங்காலம் கொண்டாந்து தர்றேனுங்க,” என்றார். “பிடிக்க வேண்டிய ஆள் நீங்க இல்லீங்க, மிஸ்.”